சர்ச்சில் கல்யாணம், கையில் முகூர்த்தப் பட்டியல்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. மதுரையில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் அலங்காநல்லூர்ப் பக்கம், இந்துக் குடும்பம். யாரும் மதம் மாறப் போவதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். 2027 தையில் எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஜோசியரிடம் நாலு முகூர்த்தம் குறித்து வாங்கி வந்து, அந்த நேரத்துக்குள் தாலி ஏற வேண்டும் என்கிறார்கள். சர்ச்சில் முடிந்ததும் மண்டபத்தில் ஐயரை வைத்து இன்னொரு தடவை தாலி கட்ட வேண்டும் என்று என் வருங்கால அத்தை கேட்கிறார். எங்கள் ஃபாதர் திருப்பலி இருக்காது என்று சொல்லிவிட்டார். "பூசை இல்லாமல் ஒரு கல்யாணமா" என்று அம்மா அழுதுகொண்டிருக்கிறார். எதை விட்டுக்கொடுப்பது, எதில் உறுதியாக நிற்பது என்றே தெரியவில்லை.

— ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் சுலபமாகத் தீர்கிற விஷயங்கள். உறுதியாக நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகத் தெளிவாகும்.

சர்ச்சில் உங்களைக் கணவன் மனைவி ஆக்குவது நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லும் சம்மதம். பீடத்துக்கு முன்னால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும் நோயிலும் நலத்திலும் கூடவே இருப்பேன் என்று ஒருவருக்கொருவர் சொல்வீர்கள். அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் குருவானவர் அதைத் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொண்டதும் கல்யாணம் ஆகிவிட்டது. தாலி, மோதிரம், மாலை எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே அந்தச் சம்மதம் ஒரே ஒரு தடவை, மனதறிந்து, கூடியிருப்பவர்கள் காதில் விழும்படி நடக்க வேண்டும். இதை மட்டும் யாருக்காகவும் விடாதீர்கள். மற்ற எதையும் உட்கார்ந்து பேசலாம்.

சரி, வேலைக்கு வருவோம். நம் ஊரில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் ஃபாதரைப் பார்க்கப் போகிறார்கள். சர்ச் கல்யாணங்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இதனால் வரும் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் மண்டபம் கடைசி. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்க வேண்டுமானால் மறைமாவட்டத்தின் விதிவிலக்கு வேண்டும். ஆபீஸில் அதை டிஸ்பென்சேஷன் என்பார்கள். அது இல்லாமல் சர்ச்சிலேயே நடத்தினாலும் திருச்சபைச் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது. உங்கள் பங்குத்தந்தை எழுதி, பேராயர் இல்லத்திலிருந்து பதில் வர வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டால் யாருக்கும் படபடப்பு இருக்காது.

அதற்கு உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். அலமாரியில் இருக்கும் பழைய பிரதி போதாது. ஆறு மாதத்துக்குள் புதிதாக எழுதி வாங்கியதைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள், ஏனென்றால் கல்யாணம் ஆனால் அந்தப் பதிவேட்டிலேயே குறித்துவிடுவது முறை. புதுப் பிரதியைப் பார்த்தாலே உங்களுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பது தெரிந்துவிடும். உறுதிபூசுதல் சான்றிதழும் எடுத்து வையுங்கள். அவர் பக்கம் வயதுக்கான சான்று, ஆதார், இதற்கு முன் திருமணம் ஆகவில்லை என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. அன்பியப் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளர் கடிதம், பங்குச் சந்தா பாக்கி போன்றவை ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு மாதிரி. அப்பாவை ஒருநாள் ஆபீஸ் நேரத்தில் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். ஓலை வாசிப்பது, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு இருவருமே போக வேண்டியிருக்கும். அவருக்கு லீவு கிடைப்பதைப் பொறுத்து இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இந்த விதிவிலக்கோடு ஒரு வாக்குறுதி வருகிறது. விசுவாசத்தை விட்டுவிட மாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கர்களாக வளர்க்க என்னால் முடிந்த அனைத்தையும் செய்வேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அப்படி எதற்கும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. இதை ஒரு படிவமாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். முதல் குழந்தைக்கு மொட்டை எங்கே, பெயர் எங்கே என்ற கேள்வி வரும்போதுதான் குடும்பங்கள் இதை முதல்முதலாகக் கேள்விப்படுகின்றன. அப்போது கேட்டால் ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும். இப்போதே கேட்டால் அது உங்கள் நேர்மையாகத் தெரியும்.

இனி அம்மாவின் அழுகை. ஃபாதர் சொன்னது சரிதான். ஞானஸ்நானம் பெறாதவரோடு நடக்கும் திருமணத்துக்குத் திருப்பலி இல்லாத சடங்குமுறை தனியாகவே இருக்கிறது. வாசகம், மறையுரை, சம்மதம், தாலி ஆசீர்வாதம், மன்றாட்டு, மணமக்கள் மேல் சொல்லும் ஆசி எல்லாம் அதில் உண்டு. இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தால்தான் திருமணம் அருளடையாளம், அதாவது இறையருள் தரும் புனிதச் சடங்கு, ஆகும் என்பதும் உண்மை. அதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம். ஆனால் இது குறைக் கல்யாணம் கிடையாது. திருச்சபை முறைப்படி ஏற்று, பதிவேட்டில் எழுதி, ஆசி கூறி அனுப்பும் திருமணம். இப்படி வைத்திருப்பதில் மாப்பிள்ளை வீட்டார் மேல் ஒரு கரிசனமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. திருப்பலி என்றால் நற்கருணை என்னும் புனித அப்பம் வாங்கும் நேரத்தில் சர்ச்சில் ஒரு பாதி எழுந்து வரிசையில் போகும், மறு பாதி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மணப்பெண் வாங்குவாள், மணமகன் வாங்க முடியாது. கல்யாண நாளில் அந்தப் பிரிவு கண்ணில் படாமல் இருப்பது நல்லதுதான்.

அம்மாவுக்கு நான் சொல்வது: கல்யாணத்துக்கு முதல் நாள் மாலைப் பூசையை மகளுக்காக ஒப்புக்கொடுங்கள். சொந்தபந்தம் எல்லாம் அன்றைக்கே ஊரிலிருந்து வந்திருக்கும். குடும்பமாக நற்கருணை வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மருதாணி வைக்கலாம். இப்படிச் செய்த அம்மாக்கள் மறுநாள் சர்ச்சில் நிம்மதியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முகூர்த்தத்துக்கு வருவோம். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பது நம் விசுவாசத்தில் இல்லை. அதற்காக அவர்களோடு வாதம் செய்யவும் தேவையில்லை. ஃபாதரிடம் ஜோசியர் சீட்டைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். "காலையில் 9 மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா ஃபாதர், அவங்க வீட்டுக்கு அது சௌகரியம்" என்று கேளுங்கள். கோயில் காலியாக இருந்தால் எந்த ஃபாதரும் மறுக்கக் காரணம் இல்லை. திருப்பலி இல்லாத சடங்கு முக்கால் மணி நேரத்தில் முடியும். பவனி, வாசகம், பத்து நிமிஷ மறையுரை எல்லாம் போகச் சம்மதம் சொல்வது பவனி தொடங்கியதிலிருந்து 25 நிமிஷத்தை ஒட்டி வரும், தாலி அரை மணியை ஒட்டி. முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றால் 9 மணிக்குப் பவனி புறப்பட்டாலே போதும், நடுவில் வசதியாக விழும். நேரத்தைக் கெடுப்பது சடங்கு இல்லை, பியூட்டி பார்லர்தான். அலங்காரம் செய்பவரை அதிகாலையிலேயே வரச் சொல்லுங்கள்.

தேதியில்தான் கொஞ்சம் இறுக்கம். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அன்றைக்குத் தவக்காலம் தொடங்கிவிடும். அதன் பிறகு மார்ச் 28 உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரை நம் பங்குகளில் வழக்கமாகக் கல்யாணம் வைப்பதில்லை. முன்பக்கம் பொங்கல். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு இருக்கும்போது அவர்கள் ஊரிலிருந்து ஒரு வேன் ஆட்கள்கூடக் கிளம்ப மாட்டார்கள். ஆக உங்கள் கையில் இருப்பது மூன்று வாரம் சொச்சம்தான். அதற்குள் வரும் ஞாயிறு காலைகளில் பங்குப் பூசைகள் இருக்கும், கிடைப்பது சிரமம். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பத் திருவிழா வருவதால் உங்கள் சர்ச்சோ மண்டபமோ காமராசர் சாலை, தெப்பக்குளம் பக்கம் என்றால் அந்த நாளையும் தள்ளுங்கள். நாலு முகூர்த்தத்தையும் பங்கு ஆபீஸ் டைரியோடு ஒத்துப் பாருங்கள். ஒன்றாவது பொருந்தும். பொருந்தாவிட்டால் ஜோசியரிடம் இன்னும் இரண்டு கேட்டு வாங்கச் சொல்லலாம், அவர்களுக்கு அது பெரிய காரியமில்லை.

அடுத்து, கடினமான விஷயம்: மண்டபத்தில் இரண்டாவது தாலி. இதற்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், தங்கச்சி. ஒரே கல்யாணத்துக்குச் சம்மதம் கொடுக்கவோ புதுப்பிக்கவோ அதற்கு முன்போ பின்போ இன்னொரு மதச் சடங்கு வைக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. உங்கள் ஃபாதர் மனம் இரங்கினாலும் அனுமதிக்க முடியாது. நாட்டுச் சட்டமும் இதில் உங்களுக்கு உதவாது. இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். கத்தோலிக்கர் ஒருவர் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்திருந்த ஒரு வழக்கில், அது செல்லாத கல்யாணம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. சர்ச்சில் நடப்பது அதன்படி முழுமையாகச் செல்லும். உங்கள் அத்தை பயப்படுவது மருமகளின் கல்யாணம் உறுதியாக இருக்க வேண்டும் என்றுதான். அந்த உறுதி சர்ச்சிலேயே கிடைத்துவிடுகிறது என்பதை அவருக்குப் புரிய வைக்க வேண்டும்.

சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் பெற்றோரும் இல்லை. அவர்தான் தன் அம்மாவிடம், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பெண் வீட்டிலிருந்து போனால் அது "அவங்க சாமி, நம்ம சாமி" என்ற சண்டையாகிவிடும். மகன் சொன்னால் வருத்தப்படுவார், பிறகு ஏற்றுக்கொள்வார். "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பதுதான் ஆபத்து. மண்டபத்தில் ஐயர் உட்கார்ந்து, தட்டில் இன்னொரு தாலியும் வந்துவிட்டால் ஐநூறு பேர் முன்னால் யாராலும் எதையும் தடுக்க முடியாது.

இல்லை என்று சொல்லும் அதே பேச்சில் என்னவெல்லாம் உண்டு என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். தாலி உண்டு. அதைக் கட்டுவதும் அவர்தான். தாலி கிறிஸ்தவர்களுக்கு இரவல் வழக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நம் மதுரைக்கு இத்தாலியக் குருவான ராபர்ட் தெ நொபிலி வந்தது 1606-இல். இந்த மண்ணின் வழக்கங்களோடு ஒருவன் கிறிஸ்தவனாக வாழலாம் என்று வாதாடியவர் அவர். ஒரு நூற்றாண்டு கழித்து, 1704-இல், போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் போட்ட ஆணை பிள்ளையார் உருவம் உள்ள தாலியைத்தான் தடுத்தது. சிலுவையோ இயேசு, மாதா உருவமோ உள்ளதைக் கட்டலாம் என்று விட்டுவைத்தது. இன்றைக்கு நம் பெண்கள் கழுத்தில் கிடக்கும் சிலுவைத் தாலிக்கு அவ்வளவு பழைய கதை இருக்கிறது. உங்கள் அத்தையிடம் இதைச் சொன்னால் பாதி மனக்குறை தீர்ந்துவிடும். மஞ்சள் கயிறா, செயினா என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கயிறு என்றால் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். சர்ச்சிலும் இது நடப்பதுதான்.

தாய்மாமனை மறந்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் கோணுவது பெரும்பாலும் தாய்மாமனுக்கு இடம் இல்லாமல் போகும்போதுதான். பவனியில் தாலித் தட்டை ஏந்திவர மாப்பிள்ளையின் தாய்மாமனையும், மாலைகளை ஏந்திவர உங்கள் தாய்மாமனையும் வையுங்கள். இரண்டு சாட்சிகளும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒருவர் அவர் பக்கத்து ஆளாகவே இருக்கட்டும். பதிவேட்டில் தங்கள் வீட்டுப் பெரியவர் கையெழுத்து இருப்பது அவர்களுக்குப் பெரிய மரியாதை. இரண்டு அம்மாக்களும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றலாம். மன்றாட்டில் ஒன்றை அவர் தங்கை வாசிக்க முடியுமா என்று ஃபாதரைக் கேளுங்கள். தாலி ஏறும்போது அவர்கள் ஊர்ப் பெண்கள் குலவை போடுவார்கள். அதையும் முன்கூட்டியே ஃபாதர் காதில் போட்டுவையுங்கள். தெரிந்திருந்தால் சிரித்துக்கொண்டே காத்திருப்பார், தெரியாவிட்டால் மைக்கில் "அமைதி" என்பார்.

பந்தக்கால், நலங்கு, ஆரத்தி, சீர்த்தட்டு எல்லாம் அவர்கள் வீட்டிலும் மண்டபத்திலும் அவர்கள் முறைப்படி நடக்கட்டும். மண்டபத்தில் பெரியவர்கள் வரிசையாக வந்து மஞ்சள் அரிசி தூவி வாழ்த்துவதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் குடும்பத்தின் மூத்த தம்பதி இருந்து அதை நடத்தி வைக்கலாம். கல்யாணம் முடிந்ததும் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அது நிச்சயம். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: போங்கள். மருமகளாக, மரியாதையோடு கூட நில்லுங்கள். வழிபாட்டில் எதுவரை என்பதை இப்போதே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அவர் முகத்தைப் பார்த்துத் தவிக்க வேண்டியிருக்காது.

இப்போது அந்த ஒரு நிமிஷம். சம்மத வார்த்தைகள் அச்சிட்ட தாளை ஃபாதரிடம் வாங்கி அவருக்குக் கொடுங்கள். அவருக்கு அந்தத் தமிழ் பழக்கமில்லாதது. பொருள் தெரியாமல் ஃபாதர் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் உங்கள் மனதில் அது உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு மாலைப்பொழுது இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் ஃபாதரிடமே கேட்கட்டும். மனதறிந்த சம்மதம் என்று நான் சொன்னது இதைத்தான்.

அப்புறம் மைக். ஸ்டாண்டு மைக் வேண்டாம், கையில் பிடிக்கும் மைக் ஒன்றை உபதேசியாரோ பீடப் பொறுப்பாளரோ உங்கள் இருவர் வாய்க்கும் மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். சம்மதத்தின்போது பாடகர் குழு கீபோர்டில்கூட ஒன்றும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மேளக்காரர்கள் வாசலில் இருந்தால் யார் சைகை காட்டினால் தொடங்குவது என்று ஒருவரைப் பேசி வையுங்கள். தாலி என்று நினைத்துக்கொண்டு சம்மதத்திலேயே கெட்டிமேளம் கொட்டிவிடுவார்கள். போட்டோ, வீடியோ எடுப்பவர்களை முதல் நாளே சர்ச்சுக்கு வரவழைத்து நிற்கும் இடத்தைக் காட்டுங்கள். பீடத்துக்கும் மணமக்களுக்கும் நடுவே யாரும் வரக் கூடாது, உங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குடும்பங்களையும் யாரும் மறைக்கக் கூடாது. சர்ச்சுக்கு முதல் தடவை வரும் அவர் பாட்டி, தன் பேரன் என்ன வாக்குக் கொடுக்கிறான் என்பதைப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்.

வாசகத்துக்கு என் யோசனை, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 13-ஆம் அதிகாரம். அன்பைப் பற்றியது, கேட்கும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நன்றாக வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. தையில் பனியால் மல்லி வரத்து குறைந்து, மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரங்களில் போகும். பீடத்துக்கும் பெஞ்சுகளுக்கும் செவ்வந்தி, சம்பங்கி போதும். மல்லி தலைக்கும் மாலைக்கும் இருக்கட்டும்.

பத்திரிகை அச்சுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அச்சகத்தில் கத்தோலிக்கப் பத்திரிகைக்கு வைத்திருக்கும் மாதிரியில் "திருமணத் திருப்பலி" என்றே இருக்கும். அதைத் "திருமண வழிபாடு" என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மா பக்கத்துச் சொந்தக்காரர்கள் அன்றைக்குச் சர்ச் வாசலில் அம்மாவிடமே கேட்பார்கள். பேராயர் இல்லத்து அனுமதி கைக்கு வந்தபின் அச்சுக்குக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கல்யாணம் முடிந்ததும் பங்குப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வங்கி என்று எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டிலும் உங்கள் பெயர், அவர் பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் சரிபாருங்கள்.